வீட்டு இருப்பைச் சாப்பிட்டு மளிகைச் செலவைக் குறைக்கும்போது செய்யும் தவறுகள்

மாதக் கடைசியிலோ, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிய கையோடோ பல வீடுகளில் ஒரு முடிவு எடுப்பார்கள். "இந்த வாரம் கடைக்கே போக வேண்டாம். வீட்டில் இருப்பதை வைத்து ஓட்டிவிடலாம்." யோசனை நல்லதுதான். தமிழ்நாட்டுச் சமையலறை எதிலும் ஒரு வாரத்துக்குத் தாக்குப்பிடிக்கிற அளவு சாமான் இருக்கும். ரேஷன் அரிசி, பொங்கலுக்கு வாங்கியதில் மிஞ்சிய பாசிப்பருப்பு, ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய சுண்டைக்காய் வத்தல், சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொல்லி வாங்கிய வரகு. இவ்வளவு இருந்தும் புதன்கிழமை சாயங்காலம் பரோட்டா பார்சல் வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மளிகை பில் பழைய தொகையிலேயே நிற்கிறது.

இருப்பைச் சேமிப்பு என்று நினைப்பதில்தான் கோளாறு. டப்பாவில் இருக்கும்வரை பருப்பு முடங்கிக் கிடக்கும் பணம். அது உலைக்குப் போய், அதற்குப் பதிலாக வேறொன்றை வாங்காமல் விட்டால்தான் அந்த வாரத்து பில்லில் ஒரு வரி குறையும். இதை மறந்துவிட்டுச் செய்வதுதான் கீழே வரும் தவறுகளில் பாதி.

கடையில் போய் நின்று யோசிப்பது

"உளுந்து இருக்கிறதா?" என்று வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டால், "தெரியல, எதுக்கும் அரை கிலோ வாங்கிட்டு வந்துருங்க" என்றுதான் பதில் வரும். இப்படியே வாங்கி வாங்கி, வாய் கட்டிய உளுந்துப் பாக்கெட் மூன்று ஒரே அலமாரியில் கிடக்கும். சிட்டையை டப்பாக்களுக்கு முன்னால் நின்று எழுத வேண்டும். என்ன வாங்கலாம் என்று ஆரம்பிக்காமல், எது இருக்கிறது, அதில் எது முதலில் தீர வேண்டும் என்று ஆரம்பியுங்கள். பெரிய கணக்குப் புத்தகமெல்லாம் வேண்டாம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டி, சீக்கிரம் தீர்க்க வேண்டிய ஐந்தாறு பொருளை மட்டும் எழுதினால் போதும். மொச்சை, அவல், பாதி சேமியா, கம்பு, வெந்தயக்கீரை வத்தல் என்று. நான் பார்த்தவரை இருபது வரிப் பட்டியலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒன்றுமே வாங்க மாட்டேன் என்று சபதம் எடுப்பது

இது ஆர்வக்கோளாறு. அரிசியும் பருப்பும் புளியும் இருக்கின்றனவே என்று காய், தயிர், கொத்துமல்லி எதுவும் வாங்காமல் விட்டால் மூன்றாம் நாள் சாப்பாடு சலித்துவிடும். காலையில் பருப்புத் துவையல், ராத்திரி வத்தக்குழம்பு, மறுநாள் மிளகு ரசம், தொட்டுக்கொள்ளத் தினமும் அப்பளம். பிள்ளைகள் தட்டைத் தள்ளிவைப்பார்கள், ஆர்டர் போடும் ஆப்பைத் திறப்பார்கள். அந்த ஒரு ஆர்டருக்கு ஆகும் பணத்தில் ஒரு வாரக் காய்கறி வாங்கிவிடலாம்.

உப்பையும் பார்க்க வேண்டும். ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், கருவாடு எல்லாமே உப்பின் பலத்தில்தான் கெடாமல் இருக்கின்றன. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வத்தலும் ஊறுகாயுமாகவே ஒரு வாரத்தை ஓட்டினால் அந்த அளவு எங்கேயோ போய்விடும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் இருக்கும் வீட்டில் இது வேண்டவே வேண்டாம்.

எனவே பணத்தைக் குறையுங்கள், பூஜ்ஜியமாக்காதீர்கள். பால், தயிர், ஒரு கட்டு கீரை, அந்த வாரம் எது மலிவோ அந்தக் காய் இரண்டு வகை, ஒரு தேங்காய். பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம். விவசாயிகளே கொண்டுவந்து விற்பதால் இடைத்தரகர் கூலி விலையில் ஏறாது. இருப்பில் இருக்கும் மொச்சைக்கு அரை கிலோ கத்தரிக்காய் வாங்கினால் இரண்டு வேளைக்குக் குழம்பு. பாசிப்பருப்புக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கினால் கூட்டு. வாங்கும் சின்னப் பொருள் இருப்பில் உள்ள பெரிய பொருளை இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

பத்து ரூபாய் சாமானைத் தீர்க்க நூறு ரூபாய் செலவழிப்பது

மேலே சொன்னதையே தலைகீழாகச் செய்வது இது. என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஒரு கிண்ணம் ராஜ்மா மிஞ்சியிருக்கும். அதைத் தீர்க்க வீடியோ பார்த்து வெண்ணெய், கிரீம், குடைமிளகாய், கஸ்தூரி மேத்தி எல்லாம் வாங்கி வருவோம். ராஜ்மா தீர்ந்துவிடும். அரைப் பாக்கெட் கிரீமும் முக்கால் டப்பா கஸ்தூரி மேத்தியும் புது இருப்பாக உட்கார்ந்துகொள்ளும். கோதுமை ரவை தீரட்டும் என்று நெய்யும் முந்திரியும் வாங்கி அல்வா கிண்டுவதும் இந்த வகைதான்.

மிச்ச சாமானைத் தீர்க்க நம் ஊர்ச் சமையலில் ஏற்கெனவே வழி இருக்கிறது. அடை அதற்கென்றே பிறந்த பலகாரம். கால் கிண்ணம் துவரம்பருப்பு, ஒரு கை கடலைப்பருப்பு, டப்பா அடியில் ஒட்டியிருக்கும் பாசிப்பருப்பு, தனியாக எதற்கும் பற்றாத கொள்ளு என்று எல்லாம் சேர்ந்து ஒரு டம்ளர் வந்தால், இரண்டு டம்ளர் புழுங்கலரிசி போட்டு ஊறவையுங்கள். காய்ந்த மிளகாய், பெருங்காயம், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் மாவு தயார். புளிக்கவைக்க வேண்டாம், அரைத்த உடனே வார்க்கலாம். கவனிக்க வேண்டியது உளுந்தை மட்டும்தான். தீரட்டும் என்று உளுந்தை அள்ளிப் போட்டால் அடை மெத்தென்று தோசைபோல் ஆகி, மொறுமொறுப்பு போய்விடும். ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். கம்பு, வரகு, சாமை கிடந்தால் அரிசியில் பாதிக்குப் பதிலாகப் போடலாம்; கம்பை மட்டும் தனியாகக் கூடுதல் நேரம் ஊறவைக்க வேண்டும். இதற்காகக் கடையில் வாங்க வேண்டியது அதிகம் போனால் ஒரு கொத்து கறிவேப்பிலையும் நாலு வெங்காயமும்.

காய் விலை ஏறும் காலத்துக்குப் பருப்பு உருண்டைக் குழம்பும் துவையலும் இருக்கின்றன. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசு விற்ற நாட்களில், புளி டப்பா நிறைய வைத்திருந்தும் தக்காளி இல்லாமல் குழம்பு வைக்க முடியாது என்று வரிசையில் நின்றவர்கள் நிறையப் பேர். வத்தக்குழம்புக்கும் மிளகு ரசத்துக்கும் தக்காளி எதற்கு?

பழசின் தலையில் புதுசைக் கொட்டுவது

டப்பாவில் கால்வாசி பச்சைப்பயறு இருக்கும்போதே, அதன் மேல் புதுப் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டுகிறோம். பழசு அடியிலேயே கிடக்கும். ஒரு நாள் திறந்தால் டப்பா முழுக்க வண்டு.

வண்டு வெளியிலிருந்து பறந்து வந்து புகுந்தது என்று நினைப்போம். பெரும்பாலும் அது பயறோடு வந்ததுதான். பயறு வண்டு வயலிலேயே காய் மேல் முட்டையிடத் தொடங்கிவிடும். பச்சைப்பயறையோ தட்டைப்பயறையோ கையில் எடுத்துப் பாருங்கள். தோல் மேல் வெள்ளையாகச் சின்னப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. புழு பொரிந்து நேரே பருப்புக்குள் துளைத்துப் போய், உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி வட்ட ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். உடைத்த பருப்பில் இதன் தொல்லை குறைவு. முழுப்பயறுதான் இதற்கு இஷ்டம். அந்தக் காலத்தில் துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து, உடைத்துப் பருப்பாக்கி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, முழுப்பயறை மாதத் தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். வாங்கினால் முதல் வாரமே நல்ல வெயிலில் ஒரு நாள் காயவைத்து, ஆறவைத்து டப்பாவில் போடுங்கள்.

அரிசியை மட்டும் அப்படி உச்சி வெயிலில் பரப்பாதீர்கள். தீட்டிய அரிசி சுள்ளென்ற வெயிலில் விரிசல் விட்டு, வேகும்போது நொறுங்கிக் குழையும். நிழலில் காற்றாட உலர்த்திப் புடைத்தால் போதும். ரவையை வாங்கிய அன்றே லேசாக வறுத்து வையுங்கள். மைதா, கடலை மாவு என்றால் ஃப்ரீசரில் நாலு நாள் வைத்து எடுக்கலாம். ஆனால் எடுத்தவுடன் பிரிக்கக் கூடாது. குளிர் விட்ட பிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக் கட்டி பிடித்துவிடும். டப்பாவில் பழசு இருந்தால் அதைக் கிண்ணத்தில் கொட்டி, டப்பாவைத் துடைத்து, புதுசை அடியில் போட்டு, பழசை மேலே போடுங்கள். இரண்டு நிமிஷ வேலை. பழசில் வண்டு விழுந்திருந்தால் மட்டும் இரண்டையும் சேர்க்கவே கூடாது.

கெட்டதைச் சாப்பிடுவது, கெடாததைக் கொட்டுவது

சிக்கனம் என்ற பேரில் சாப்பிடக் கூடாதவற்றில் முதலிடம் பூசணம் பிடித்த வேர்க்கடலைக்கு. சுருங்கி, நிறம் மாறி, வாயில் போட்டால் கசக்கிற கடலையில் அஃப்ளடாக்ஸின் என்ற பூஞ்சை நச்சு இருக்கலாம். ஈரலைத் தாக்குவது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுக்கப் போகாது. சட்னியில் அரைத்துவிட்டால் தெரியாது என்று சேர்த்துவிடாதீர்கள். பூசணம் பிடித்த கொப்பரையும், ஈரம் பட்டுப் பூத்த மிளகாய் வத்தலும் அப்படியே. சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயை விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், தாளிக்க வேண்டாம்.

மறுபக்கம், நல்ல சாமானைத் தேதி பார்த்துக் குப்பையில் போடுபவர்களும் இருக்கிறார்கள். பாக்கெட்டில் 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' என்று இருந்தால் அந்தத் தேதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 'பெஸ்ட் பிஃபோர்' என்பது அதுவரை ருசியும் மணமும் குறையாது என்று தயாரித்தவர் சொல்வது. மறுநாளே நஞ்சாகிவிடும் என்று பொருளில்லை. சேமியாவையோ அவலையோ முகர்ந்து, தட்டில் கொட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். பழைய அரிசி கெட்டுப்போனதல்ல. கொஞ்சம் கூடத் தண்ணீர் குடிக்கும், சோறு உதிரியாக வரும், புளியோதரைக்கு அதுதான் சரி. பழைய கொண்டைக்கடலையும் மொச்சையும் வேக அடம்பிடிக்கும். ராத்திரியே ஊறவைக்காமல் குக்கரில் பன்னிரண்டு விசில் விட்டால் பருப்பில் மிச்சம் பிடித்தது கேஸில் போய்விடும்.

மூட்டை விலை மலிவு என்று ஏமாறுவது

இப்போது கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை சகஜம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய பைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஒரு கிலோ கூட்டிக் கட்டினால் வரி இல்லை என்பதால் 26 ஆனது. நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் வடிக்கும் வீட்டுக்கு மூட்டை லாபம்தான். கால் கிலோ மட்டும் வடிக்கும் வீட்டில் அது நூறு நாளைத் தாண்டும். ஐப்பசி மழையை அந்த மூட்டை எப்படித் தாண்டும் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். மசாலாப் பொடியை மொத்தமாக வாங்குவது இன்னும் மோசம். மணம் போன தனியாத் தூளை ஒரு ஸ்பூனுக்கு இரண்டு ஸ்பூன் போட வேண்டியிருக்கும்.

ரேஷன் சாமானைக் கணக்கில் சேர்க்காதது

துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் பாக்கெட் 25 ரூபாய், அரிசி இலவசம். இதை மாதாமாதம் வாங்கிவிட்டு, வெளியில் வாங்கிய பருப்பையே முதலில் எடுத்துச் சமைப்பவர்கள் உண்டு. ரேஷன் புழுங்கலரிசியைச் சோற்றுக்குப் பிடிக்காவிட்டால் இட்லிக்குப் போடுங்கள். நாலுக்கு ஒன்று நல்ல உளுந்து சேர்த்தால் இட்லியில் குறை சொல்ல முடியாது. பச்சரிசியைக் கழுவி உலர்த்தி அரைத்து வைத்தால் புட்டு, இடியாப்பம், கொழுக்கட்டை. பாமாயில் வடகம் பொரிக்க.

பில் குறைந்ததையே லாபம் என்று எண்ணுவது

வழக்கமாக வாரம் 1500 ரூபாய் ஆகிற வீட்டில் இந்த வாரம் 700-ல் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். மிச்சமான 800 முழுதும் லாபமில்லை. பருப்பும் புளியும் எண்ணெயும் தீர்ந்த அளவுக்குத் திரும்ப வாங்கியாக வேண்டும். வரகு, பாதி சேமியா, கொள்ளு மாதிரி திரும்ப வாங்கத் தேவையில்லாதவை தீர்ந்திருந்தால் அந்தப் பங்கு மட்டும்தான் நிஜ மிச்சம். மீதியை ஒரு கவரில் போட்டு, சாமான் மலிவாகும் காலத்துக்கு வைத்திருங்கள். புதுப் புளியும், ராமநாதபுரம் பக்கத்து முண்டு மிளகாயும் மாசி, பங்குனியில் சந்தைக்கு வரும். அப்போது வாங்கி, புளியைக் கொட்டை எடுத்துக் கல்லுப்பு கலந்து ஜாடியில் அடக்கி, மிளகாயைக் காம்போடு வெயிலில் காயவைத்து வைத்தால் அடுத்த மாசி வரை அந்த இரண்டும் வாரச் சிட்டையில் ஏறாது.