பழனிமலைக்கு நல்லது செய்யப்போய் செய்யும் தவறுகள்

பழனிமலைத் தொடரில் உள்ள கொடைக்கானலுக்கு வருபவர்களில் பலருக்கு, திரும்பிப் போகும் முன் மலைக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றும். உடனே மரம் நடலாம் என்பார்கள். பெரிய தவறு தொடங்குவதே அங்கேதான்.

மேல்மலையில் சோலைக்காடு, அதாவது அடர்ந்த பசுமைமாறா மலைக்காடு, பள்ளங்களிலும் ஓடையோரங்களிலும் ஒண்டியிருக்கும், மேடுகள் புல்வெளி. மன்னவனூர் பக்கம் போனால் இது நன்றாகத் தெரியும். வெட்டவெளியாகக் கிடக்கிறதே என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதில் இந்தப் புல்லுக்குப் பெரிய பங்குண்டு. தரிசு என்று எண்ணி அங்கே வாட்டில் (சீகை மரம்), யூகலிப்டஸ், பைன் என வெளிநாட்டு மரங்களை நட்டதன் விலையைத்தான் மலை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சரி, அவற்றை எல்லாம் ஒரேயடியாக வெட்டிவிடலாமா? அதுவும் தவறு. வாட்டில் விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். மேலே மரம் போய் வெயில் பட்டால் நாற்றங்கால் போல நெருக்கமாக முளைத்துவிடும். இன்னொன்று, பழைய வாட்டில், பைன் நிழலில் சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே வளர்ந்து நிற்கும். மேலே உள்ள மரத்தை வெட்டிச் சாய்த்தால் அவையும் நசுங்கும். குனிந்து தரையைப் பார்த்துவிட்டுத்தான் அரிவாளை எடுக்க வேண்டும்.

மலையைக் காப்பது என்றால் செடி நடுவதும் குப்பை பொறுக்குவதும்தான் என்று நினைப்பது அடுத்த தவறு. 1985-இல் தொடங்கிய பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில் என்ற அமைப்பு நீதிமன்றப் படியும் ஏறியது. விதியை மீறி மாடி மேல் மாடியாக எழும்பிய ஹோட்டலுக்கு விலக்கு தந்த அரசாணையை அவர்கள் தொடுத்த வழக்கில் 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2001-இல் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய தெர்மாமீட்டர் உடைசல் டன் கணக்கில் கிடந்தபோதும் போராட்டத்தில் இறங்கினார்கள். அந்த உடைசல் வந்த தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது. எனவே விதிமீறல் கண்ணில் பட்டால் வீடியோ போட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, கட்டட அனுமதி நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) கேளுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் வழக்கு நிற்பது அந்தக் காகிதத்தில்தான்.

சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கும் சில. கொடைக்கானலுக்கு வர 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். 2018 மார்ச் 11 அன்று பக்கத்து போடி மலையில், குரங்கணியில் பிடித்த தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதங்களில் "தெரிந்த ஆள் கூட்டிப்போவார்" என்று யாராவது சொன்னாலும் மலையேறப் போகாதீர்கள். அப்புறம், ஊருக்குள் காட்டுமாடு சாதாரணமாக நடமாடும். சாதுவாகத்தான் நிற்கும், அதை நம்பி செல்ஃபிக்குப் பக்கத்தில் போகாதீர்கள். அது வழியை விடும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருங்கள்.