லைனை நிறுத்தும் உரிமையை டெய்லரிடம் கொடுப்பது எப்படி

திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். 6 வருஷம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டினேன். இப்போது 14 வருஷமாக, தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் லைனுக்கு சூப்பர்வைசர். "சொந்தக் கம்பெனியா நினைச்சு வேலை பாருங்க" என்ற பேச்சை ஒவ்வொரு ஆயுத பூஜையிலும் கேட்டிருக்கிறேன். சொந்தம் என்றால் அதில் ஒன்றிரண்டையாவது நாமே முடிவு செய்ய வேண்டும். ஊசி மாற்ற எழுந்திருக்கவே அனுமதி கேட்கும் இடத்தில் அந்தப் பேச்சு யார் மனதிலும் ஒட்டாது. அதனால் பேச்சில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு நோட்டில் ஆரம்பியுங்கள்.

ஒரு வாரம், லைனில் இருப்பவர்கள் உங்களிடம் எதற்கெல்லாம் அனுமதி கேட்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். என் நோட்டில் இருந்தவை: பாத்ரூம், தண்ணீர், ஊசி, நூல்கண்டு மாற்றுவது, ஃபேனைத் திருப்புவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போன் பேசுவது, பக்கத்து மெஷினோடு இடம் மாறுவது. சனிக்கிழமை உட்கார்ந்து இதை மூன்றாகப் பிரியுங்கள்: இன்றே விட்டுவிடக்கூடியவை, முதலாளியிடம் பேச வேண்டியவை, விடவே முடியாதவை.

பாத்ரூம் போக டோக்கன் வாங்கும் முறை இருந்தால் அதை முதலில் எடுங்கள். தன் உடம்பே தன் கையில் இல்லாதவரிடம் தரத்தைப் பற்றிப் பேச நமக்கு வாய் வரக் கூடாது. லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், வேலையில் தன் கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்ததை மைக்கேல் மார்மட்டின் குழு கண்டது. நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பவர்களுக்கே அப்படி.

விட முடியாதவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கைக்கு வந்த பிறகுதான் புது ஊசி. பிள்ளைகள் போடும் துணியில் ஊசி முனை போய்விடக் கூடாது. இந்தக் காரணத்தைச் சொன்னபோது ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

இனி முக்கியமான விஷயம். நான் டெய்லராக இருந்த ஒரு கம்பெனியில், பக்கத்தில் ஷோல்டர் (தோள் தையல்) அடித்துக்கொண்டிருந்த அக்காவுக்குக் காலையிலேயே சத்தத்தில் தெரிந்துவிட்டது, ஊசி முனை மழுங்கிவிட்டது என்று. எழுந்தால் திட்டு விழும். அப்படியே ஓட்டினார். மணிக்கு 150 பீஸ். நாலு மணி நேரம் கழித்து செக்கிங்கில் பிடித்தபோது 600 பீஸில் ஊசி ஓட்டை. பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் ஓட்டை விரிந்துகொண்டேதான் போகும், ஆல்டருக்கும் (பிரித்துத் திருத்தித் தைக்கவும்) வழியில்லை. "தெரிஞ்சே ஏனுங்க்கா ஓட்டுனீங்க?" என்றேன். "நிறுத்தறதுக்கு நான் யாரு கண்ணு?" என்றார்.

துணி பின்னும் நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் தானாக நின்று விளக்கு எரியும். 1924-ல் ஜப்பானில் சகிச்சி டொயோடா செய்த தானியங்கித் தறியும் அப்படித்தான், பாவு நூல் அறுந்தால் நின்றுவிடும். அதே எண்ணம் பிறகு டொயோட்டா கார் ஆலைக்குப் போனது; அங்கே தப்பைக் கண்ட தொழிலாளி தலைக்கு மேல் தொங்கிய கயிற்றை இழுத்து லைனை நிறுத்த முடிந்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் 1982-ல் மூடிய ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை 1984-ல் டொயோட்டாவோடு கூட்டாகத் திறந்தபோது, பழைய ஆட்கள் பலரையே வேலைக்கு எடுத்தார்கள். அவர்கள் கையில் அந்தக் கயிறு இருந்தது. மெஷினுக்குக் கொடுத்த உரிமையை மனுஷருக்குக் கொடுக்க நமக்கு என்ன தடை?

எங்கள் லைனில் கயிறு இல்லை. ஒவ்வொரு மெஷினிலும் கட்டிங் வேஸ்டில் எடுத்த சிவப்புத் துணி ஒன்று கட்டியிருக்கும். ஒடிசா, ஜார்கண்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. துணியைத் தூக்கிக் காட்டினால் போதும். தூக்கியதும் நீங்கள் ஓட வேண்டும், நடக்கக் கூடாது. முதல் வார்த்தை "ஏன் நிறுத்துனீங்க" என்று வரவே கூடாது. "காட்டுங்க" என்று கேளுங்கள். முதல் தடவை தூக்குபவரை லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். எங்களிடம் முதலில் தூக்கியது புதிதாக வந்த ஒரு பெண். பார்த்தால் தப்பே இல்லை, நூலில் ஒரு முடிச்சு மட்டும். "நல்லதுங்க, நாளைக்கும் தூக்குங்க" என்றேன். அன்று சாயங்காலமே ஓவர்லாக்கில் இன்னும் இரண்டு துணிகள் எழுந்தன. அவை இரண்டும் நிஜத் தப்பு.

பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு இது மட்டும் போதாது. நிறுத்தினால் அவர்கள் கூலி போகிறது. நின்ற நேரத்தைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். மணிக்கு 120 பீஸ் அடிப்பவர் 10 நிமிஷம் நிறுத்தினால் 20 பீஸ் எழுதிவிடுங்கள். முதலாளி இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் துணியைக் கட்டாதீர்கள். தன் காசைப் போட்டுக் கம்பெனித் துணியைக் காப்பாற்று என்று யாரிடமும் கேட்கும் நியாயம் நமக்கு இல்லை.

புது ஸ்டைல் (புது டிசைன்) வரும்போது, முந்தின நாள் சாயங்காலமே சாம்பிளை லைனில் சுற்றவிட்டு "எங்க சிக்கும்?" என்று கேளுங்கள். ஒரு அக்கா பண்டலை இடப்பக்கம் சாய்வுப் பலகையில் வைத்தால் குனிய வேண்டாம் என்றார். இப்போது எல்லா பேட்லாக் (ஃப்ளாட்லாக்) தையல் மெஷினிலும் அந்தப் பலகை இருக்கிறது. இரவு வேலையையும் முந்தின நாளே சொல்லி, யார் இருப்பது என்பதை அவர்களே பேசி முடிக்கட்டும்.

கொடுத்த முடிவு தவறாகப் போகும் நாள் ஒன்று வரும். உட்காரும் இடத்தை அவர்களே மாற்றிக்கொண்டபோது எங்களுக்கு இரண்டு நாள் புரொடக்‌ஷன் விழுந்தது. மேலிருந்து வந்த திட்டை நான் வாங்கிக்கொண்டேன், லைனுக்குள் விடவில்லை. மூன்றாம் நாள் அவர்களே இரண்டு மெஷினைப் பழைய இடத்துக்குத் தள்ளினார்கள். அந்த இரண்டாம் நாளில் நீங்கள் உரிமையைத் திரும்பப் பிடுங்கினால், அடுத்த ஸ்டைலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மேலே கேள்வி கேட்பார்கள், அதற்கும் ஒரு நோட்டு வேண்டும்: தேதி, மெஷின், என்ன தப்பு, எத்தனை நிமிஷம். அதை உங்கள் மேசையில் வைக்காதீர்கள். நிறுத்தியவரே எழுதட்டும், எந்த மொழியிலானாலும் சரி. எங்கள் நோட்டு தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில், பேனாவை ஓவர்லாக் நூலில் கட்டித் தொங்குகிறது. ஒடியா எழுத்தில் இருப்பதைப் படித்துச் சொல்ல லைனிலேயே ஒரு தம்பி இருக்கிறான்.