டெக் ஹேங்கருக்கு எந்த ஆணி? முதல்முறை கட்டுபவர்களுக்குப் படிப்படியாக

எங்கள் நியூ ஜெர்சி வீட்டை வாங்கும்போதே பின்புறம் ஒரு மர டெக், அதாவது வீட்டை ஒட்டிய திறந்த மரத்தளம், இருந்தது. போன வசந்தத்தில் அதைப் பிரித்தோம். மேல் பலகைகளைக் கழற்றிவிட்டு, கீழே குறுக்குச் சட்டத்தைத் தாங்கியிருந்த ஒரு ஜாய்ஸ்ட் ஹேங்கரை, அதாவது சட்டத்தின் நுனியைப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தகட்டை, நெம்பினேன். பலம் போடவே தேவைப்படவில்லை, கையோடு வந்துவிட்டது. அதிலிருந்த ஆணி ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கொண்டை நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் பளபளப்புகூட மிச்சமிருந்தது. கொண்டைக்குக் கீழே, மரத்துக்குள் இருந்த பகுதி மட்டும் கறுத்து, அரித்து, ஈர்க்குச்சி மாதிரி மெலிந்திருந்தது. விரலால் வளைத்தேன், முறிந்தது. அந்த டெக்கில்தான் இரண்டு கோடைகாலம் என் பிள்ளைகள் குதித்து விளையாடினார்கள்.

அதற்குப் பிறகு புது டெக்கை நானே கட்டினேன். மரம், கான்கிரீட், பெயின்ட் எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவழித்தது இந்த ஆணி விஷயத்தில்தான். முதல்முறை கட்டுகிறவர்கள் அதே தேடலைத் திரும்பச் செய்ய வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். எல்லாம் அமெரிக்கக் கட்டட விதிகளையும் இங்கே கடையில் கிடைக்கும் பொருட்களையும் வைத்துச் சொல்வது.

ஒரே ஒரு விஷயத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மரம், ஹேங்கர், ஆணி மூன்றும் ஒரு செட். ஹேங்கரை வாங்கிவிட்டு, ஆணிதானே, கராஜில் கிடப்பதைப் போட்டு அடிக்கலாம் என்று நினைத்தால், என் கையில் முறிந்த ஆணிதான் கிடைக்கும்.

முதல் படி: மரத்தின் நுனியில் இருக்கும் சீட்டைப் படியுங்கள்

டெக்கின் சட்டங்களுக்குப் பெரும்பாலும் பிரஷர் ட்ரீட்டட் மரம்தான் வாங்குவோம். அழுகாமலும் கரையான் அரிக்காமலும் இருக்க, அழுத்தத்தில் ரசாயனம் ஏற்றிய மரம். ஒவ்வொரு கட்டையின் நுனியிலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் சீட்டை ஸ்டேபிள் அடித்து வைத்திருப்பார்கள். என்ன ரசாயனம், தரையைத் தொடும் இடத்துக்கு ஆகுமா, மேலே மட்டும்தானா என்பது அதில் இருக்கும்.

2003 கடைசி வரை வீட்டு வேலைக்கு வந்த மரத்தில் பெரும்பாலும் சி.சி.ஏ. என்ற மருந்துதான். அதில் ஆர்சனிக் இருந்ததால், தயாரிப்பாளர்கள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோடு பேசி, 2003 டிசம்பர் 31-ஓடு வீட்டு உபயோகத்துக்கு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த ஏ.சி.க்யூ., காப்பர் அசோல் போன்றவற்றில் ஆர்சனிக் இல்லை, ஆனால் செம்பு அதிகம். நம் ஆணிக்குத் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

செம்பும் இரும்பும் ஈரமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் சின்ன பேட்டரி மாதிரிதான். செம்பு பத்திரமாக இருக்கும், இரும்பு கரையும். துத்தநாகமும் அப்படித்தான் கரையும், ஆனால் இரும்புக்கு முன்னால் அது போய்விடும். அதனால்தான் இரும்பின் மேல் துத்தநாகம் பூசுகிறோம், இரும்புக்குப் பதிலாக அது கரையட்டும் என்று. பூச்சு எவ்வளவு கனமோ அவ்வளவு காலம் தாங்கும். என் பழைய ஆணியின் கொண்டை காற்றில் காய்ந்துகொண்டிருந்தது, தண்டு செம்பு ஏறிய ஈர மரத்துக்குள் இருந்தது. மேலே நன்றாக இருந்து உள்ளே மெலிந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

இரண்டாம் படி: ஹேங்கர் தகட்டின் பூச்சு

நம்மூரில் ஜி.ஐ. பைப், ஜி.ஐ. ஷீட் என்கிறோமே, அதுதான் கால்வனைஸ்டு இரும்பு. ஆனால் எல்லா ஜி.ஐ.யும் ஒன்று இல்லை. வீட்டுக்குள் போடும் சாதாரண ஹேங்கர் பெரும்பாலும் ஜி90 பூச்சு. வெளியே ட்ரீட்டட் மரத்தில் போடுவதற்கு ஜி185, ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு சதுர அடித் தகட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து 1.85 அவுன்ஸ் துத்தநாகம் என்று அர்த்தம். ஒரு பக்கத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 40 மைக்ரான் தடிமன் வரும்.

சிம்ப்ஸன் ஸ்ட்ராங்-டை நிறுவனம் இந்தக் கனப் பூச்சுக்கு ஸீமேக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. பொருள் எண்ணின் கடைசியில் இசட் இருக்கும், எல்.யூ.எஸ்.28இசட் என்பது போல. கடையில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் இருக்கும், பார்க்கவும் ஒரே மாதிரிதான். யாராவது எடுத்துப் பார்த்துவிட்டு மாற்றி வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் தட்டின் சீட்டை நம்பாமல், ஹேங்கர் ஒவ்வொன்றின் மேலும் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள்.

மூன்றாம் படி: ஆணியின் பூச்சு, இதில் அவசரப்பட வேண்டாம்

கடையில் கால்வனைஸ்டு என்று எழுதிய ஆணிப் பெட்டிகள் பல இருக்கும். அந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். முக்கியமாக இரண்டு வகை உண்டு.

ஒன்று எலக்ட்ரோ கால்வனைஸ்டு. மின்சாரம் பாய்ச்சி ஒட்டவைத்த மெல்லிய பூச்சு, சில மைக்ரான்கள்தான். பார்க்க அழகாக, வழவழப்பாக, வெள்ளி மாதிரி மின்னும். இன்னொன்று ஹாட் டிப், அதாவது சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது. அந்தச் சூட்டில் இரும்பும் துத்தநாகமும் கலந்து ஒரு அடுக்கு உண்டாகும், அதன் மேல் சுத்தத் துத்தநாகம் படியும். இதன் தரத்தைச் சொல்லும் விதி ஏ.எஸ்.டி.எம். ஏ153. ஆணிக்கு அதில் சொல்லியிருப்பது சதுர அடிக்கு 1 அவுன்ஸ், அதாவது சுமார் 43 மைக்ரான். ஹேங்கரின் ஒரு பக்கத்தில் 40, ஆணியில் 43. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏன் இரண்டும் ஒரு ஜோடி என்பது புரியும். ஹேங்கர் இருபது வருஷம் நிற்கும்போது ஆணி ஐந்தாம் வருஷமே கரைந்துபோனால் அந்த ஹேங்கரால் என்ன பயன்?

கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஹாட் டிப் ஆணி மங்கிய சாம்பல் நிறம். தண்டைத் தடவினால் சொரசொரப்பு. அங்கங்கே துத்தநாகம் திரண்டு சின்னக் கட்டியாக நிற்கும், சில பெட்டிகளில் இரண்டு ஆணிகள் ஒட்டிக்கொண்டும் இருக்கும். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு மட்டமான சரக்கு போலத் தோன்றும். அந்த அழகில்லாததுதான் நமக்கு வேண்டியது. பளபளப்பாக இருப்பதைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிடுங்கள். பெட்டியில் ஹாட் டிப் என்றோ எச்.டி.ஜி. என்றோ ஏ153 என்றோ எழுதியிருந்தால் சரி.

அமெரிக்க வீட்டுக் கட்டட விதியான ஐ.ஆர்.சி.யும் ட்ரீட்டட் மரத்துக்கு ஹாட் டிப் பூச்சு, ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல், சிலிக்கான் வெண்கலம், செம்பு என்றுதான் சொல்கிறது. கடைசி இரண்டும் நம் பட்ஜெட்டுக்கு ஒத்துவராது, விட்டுவிடலாம்.

ஸ்டெய்ன்லெஸ் எப்போது? உங்கள் வீடு கடலோரமா என்று பாருங்கள். உப்புநீர்க் கரையிலிருந்து 300 அடிக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள் இருந்தால் ஸ்டெய்ன்லெஸ்தான் போட வேண்டும் என்கிறது ஐ.ஆர்.சி. ஜெர்சி ஷோர் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் இதை விட்டுவிடாதீர்கள். உப்புக் காற்றுக்கு 316 ரகம் நல்லது. அப்படிப் போட்டால் ஹேங்கரும் ஸ்டெய்ன்லெஸ், ஆணியும் ஸ்டெய்ன்லெஸ். கால்வனைஸ்டு ஹேங்கரில் ஸ்டெய்ன்லெஸ் ஆணி அடித்தால் இன்னும் பலம் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் சேர்ந்தால் மறுபடி அந்த பேட்டரி கதைதான்.

நான்காம் படி: கனமும் நீளமும்

பூச்சு சரியாகிவிட்டது, இப்போது அளவு. இங்கே ஆணி அளவை 8டி, 10டி, 16டி என்று எழுதுவார்கள், டென் பென்னி, சிக்ஸ்டீன் பென்னி என்று படிப்பார்கள். அந்த டி, ரோமானியர்களின் டெனாரியஸ் நாணயத்திலிருந்து இங்கிலாந்துப் பென்னிக்கு வந்த குறி. பழைய காலத்துச் சங்கதி, இன்றைக்கு நம்மைக் குழப்பத்தான் உதவுகிறது. ஏனென்றால் 10டி காமன் ஆணியின் விட்டம் 0.148 அங்குலம், 10டி பாக்ஸ் ஆணியின் விட்டம் 0.128 அங்குலம். இரண்டுக்கும் நீளம் 3 அங்குலம், இரண்டும் 10டி. மெலிந்ததை அடித்தால் ஹேங்கரின் முழுத் தாங்குதிறன் கிடைக்காது.

அதனால் பென்னியை விட்டுவிட்டு, பெட்டியில் இருக்கும் விட்டத்தையும் நீளத்தையும் படியுங்கள். எந்த அளவு வேண்டும் என்பதை ஹேங்கரின் லேபிளே சொல்லும். என் டெக் 16 அடி அகலம், வீட்டிலிருந்து 10 அடி வெளியே வருகிறது, சட்டங்கள் 2×8, நடுவிலிருந்து நடு 16 அங்குல இடைவெளி. அதற்கு எல்.யூ.எஸ்.28இசட் போட்டேன். ஒரு ஹேங்கருக்கு லெட்ஜர் பலகைப் பக்கம் (வீட்டுச் சுவரோடு பிணைக்கும் பலகை, சட்டங்களின் நுனி அதில்தான் வந்து சேரும்) 6 ஆணி, சட்டத்தின் பக்கம் 4 ஆணி, எல்லாமே 0.148 × 3 அங்குலம். சட்டங்கள் 13. ஆக 130 ஆணி. வளைவது, கீழே விழுவது எல்லாம் சேர்த்து 5 பவுண்டுப் பெட்டி ஒன்று வாங்கினேன், தாராளமாக மிஞ்சியது.

கடையில் ஹேங்கருக்குப் பக்கத்திலேயே ஒன்றரை அங்குலக் குட்டை ஆணியும் தொங்கும். எங்கும் அதையே அடித்துவிடலாம் போலிருக்கும், கூடாது. எல்.யூ.எஸ். ஹேங்கரில் சட்டத்தின் பக்கத் துளைகளைக் கிட்டத்தில் பாருங்கள். தகடு சின்னக் குமிழாகச் சாய்ந்து எழும்பியிருக்கும். அதில் ஆணி 45 டிகிரி சாய்வாகச் சட்டத்துக்குள் நுழைந்து, சட்டத்தைத் தாண்டி லெட்ஜர் பலகைக்குள் போய்ப் பிடிக்க வேண்டும். 3 அங்குலம் அங்கே போய்ச் சேரும். ஒன்றரை அங்குலம் சட்டத்துக்குள்ளேயே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கொண்டையும் ஒரே மாதிரி இருக்கும். குட்டை ஆணி எங்கே ஆகும், தாங்குதிறன் எவ்வளவு குறையும் என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும். உங்கள் ஹேங்கருக்கு அனுமதி இருந்தால் மட்டும் போடுங்கள்.

கூரை ஆணி வேண்டாம். அகலக் கொண்டையோடு ஹேங்கருக்கே செய்தது போலிருக்கும், ஆனால் தண்டு மெல்லியது, பல பெட்டிகளில் வருவது எலக்ட்ரோ பூச்சு. டெக் ஸ்க்ரூவும், டிரைவால் ஸ்க்ரூவும் வேண்டாம். ஆணி பாரத்தில் வளைந்து கொடுக்கும், அந்த ஸ்க்ரூக்கள் பட்டென்று முறியும். ஸ்க்ரூதான் வசதி என்றால், ஹேங்கர் தயாரிப்பாளரே அனுமதித்த கனெக்டர் ஸ்க்ரூ தனியாக இருக்கிறது, அது சரி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லெட்ஜர் பலகையை வீட்டுச் சுவரோடு ஆணியால் பிணைக்கவே கூடாது. ஆணி இழுவையில் கழன்று வரும், விதியும் தடுக்கிறது. அதற்கு போல்ட் அல்லது லேக் ஸ்க்ரூ. அமெரிக்கன் வுட் கவுன்சிலின் டி.சி.ஏ.6 என்ற டெக் கையேட்டில் அட்டவணையோடு இருக்கிறது, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: அடிப்பது

சட்டத்தின் நுனி லெட்ஜரை ஒட்டி உட்கார வேண்டும், இடைவெளி கால் அங்குலத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. வட்டத் துளை எல்லாவற்றிலும் ஆணி இருக்க வேண்டும், ஒன்றுகூட விடாமல். சில மாடல்களில் முக்கோணத் துளையும் இருக்கும், அது கூடுதல் பாரம் தேவைப்பட்டால் மட்டும்.

குறுகிய இடத்தில் சாய்வாக 3 அங்குல ஆணி அடிப்பது முதல் நாளில் கை வலிக்கும் வேலை. நான் நாலாவது ஹேங்கரோடு சுத்தியலை வைத்துவிட்டு, உள்ளங்கையில் பிடித்து ஆணி அடிக்கும் கருவியான பாம் நெய்லரை வாடகைக்கு எடுத்தேன். சாதாரண நெய்ல் கன் வேண்டாம், ஆணி துளைக்குள் போகாமல் தகட்டைக் கிழித்துவிடும். அதன் ஆணிகள் பலவும் 0.131 அங்குலம்தான், நமக்கு வேண்டிய கனம் இல்லை.

ஆணி வளைந்தால் நிமிர்த்தி மறுபடி அடிக்காதீர்கள். வளைத்து நிமிர்த்தும்போது பூச்சு வெடித்திருக்கும், புது ஆணி எடுங்கள். சுத்தியல் பட்டுக் கொண்டையில் பூச்சு உரிந்திருந்தால், துத்தநாகத் தூள் கலந்த ஸ்ப்ரே பெயின்ட்டை லேசாக அடிக்கலாம். ஆணிப் பெட்டியை மழையில் விட்டுவிடாதீர்கள். ஒரே இரவில் வெள்ளைப் பொடி பூத்துவிடும்.

ஹேங்கர் லேபிள் ஒன்றையும் ஆணிப் பெட்டியின் அட்டையையும் எடுத்து வையுங்கள். மேல் பலகை போடுவதற்கு முன் நகராட்சி ஆய்வாளர் வருவார். எங்களிடம் வந்தவர் ஹேங்கரை எண்ணுவதற்கு முன்னால் அந்த அட்டையைத்தான் கேட்டார்.

கட்டி முடித்த பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, பனி போனதும், டார்ச்சோடு டெக்குக்கு அடியில் போய்ப் பாருங்கள். ஹேங்கரில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், துத்தநாகம் தன் வேலையைச் செய்கிறது. ஹேங்கருக்குக் கீழே செம்பழுப்புக் கோடு இறங்கியிருந்தால், அந்த ஹேங்கரில் ஓர் ஆணியை முழுசாகப் பிடுங்கி, கொண்டையை விட்டுவிட்டுத் தண்டைப் பாருங்கள்.