ஹார்ட் ரீசெட்டில் காணாமல் போன கமிட்டை மீட்க

கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில் ஹார்ட் ரீசெட் (பழைய நிலைக்குத் திருப்பும் கட்டளை) கொடுத்து, கமிட் செய்து, அதாவது கிட்டில் பதிந்து வைத்த வேலை காணாமல் போய்விட்டால், அதே புராஜெக்ட் ஃபோல்டரில் 'கிட் ரீஃப்ளாக்' (git reflog) என்று தட்டுங்கள். பட்டியலில் ரீசெட் வரிக்குக் கீழே உங்கள் பழைய கமிட் இருக்கும். வரியின் தொடக்கத்தில் உள்ள ஏழெழுத்துக் குறியீட்டை நகலெடுத்து, 'கிட் பிராஞ்ச் மீட்பு' (git branch மீட்பு) என்பதன் பின் ஓர் இடைவெளி விட்டு ஒட்டினால், அந்தக் கமிட் 'மீட்பு' என்ற புதிய கிளையாக (பிராஞ்ச்) வந்துவிடும். பதற்றத்தில் மறுபடியும் ரீசெட் கொடுப்பதைவிட இதுவே நல்லது. இருப்பது எதுவும் கலையாது.

ரீசெட் கமிட்டை அழிப்பதில்லை. கிளையின் சுட்டியை நகர்த்துகிறது, அவ்வளவுதான். அந்த நகர்வுகளை கிட் குறித்து வைக்கிறது. எந்தக் கிளையிலும் சேராத கமிட்டுக்கான குறிப்பு, அமைப்பை நீங்கள் மாற்றாதவரை, 30 நாள் இருக்கும்.

கமிட் செய்யாத திருத்தங்களை இது மீட்காது. 'ஆட்' (git add) மட்டும் கொடுத்திருந்தால் 'கிட் எஃப்எஸ்சிகே' (git fsck) கொண்டு துழாவலாம், ஆனால் கோப்பின் பெயர் கிடைக்காது, பொறுமை வேண்டும். டேட்டாபேஸ், இக்னோர் பட்டியலில் உள்ள கோப்புகள் ஆகியவை கிட்டின் கணக்கிலேயே இல்லை. ரீஃப்ளாக் குறிப்புகள் உங்கள் கணினியில் மட்டுமே இருப்பதால், புதிதாக குளோன் (புராஜெக்டின் நகல்) எடுத்த இடத்தில் தேடிப் பயனில்லை.