ஒரே மதிப்பெண் இருவருக்கு வந்தால்: தரவரிசை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

95, 88, 88, 80 என்று நான்கு மதிப்பெண்கள். எக்செல்லில் ரேங்க் ஃபார்முலா போட்டால் 1, 2, 2, 4 என்று வரும். 3 எங்கே போச்சு என்று குழம்பி, கடைசி செல்லில் கையாலேயே 3 என்று அடித்துவிடுகிறவர்கள் நிறைய. ஃபார்முலாவில் தப்பு எதுவும் இல்லை. 80 எடுத்தவருக்கு மேலே மூன்று பேர் இருக்கிறார்கள், ஆகவே அவர் நான்காவது. கையால் அடித்த செல்லில்தான் இனி சிக்கல்: நாளைக்கு ஒரு மதிப்பெண்ணைத் திருத்தினால் மற்றவை மாறும், அந்த 3 மட்டும் அசையாது.

சமமாக வந்தவர்களை என்ன செய்வது என்று விதி வகுக்காமல் ஃபார்முலாவைத் தொடுவதுதான் மூலத் தவறு. அதே நான்கு மதிப்பெண்களுக்கு 1, 2, 2, 4 என்றும் போடலாம். எண் விடுபடாமல் 1, 2, 2, 3 என்றும் போடலாம். சராசரி எடுத்து 1, 2.5, 2.5, 4 என்றும் போடலாம். இருவரையும் பிரித்து 1, 2, 3, 4 என்றும் போடலாம். நான்கும் சரிதான், ஆனால் நான்கும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். எக்செல் 2010-இல் வந்த ரேங்க்.ஈக்யூ முதல் வகையைத் தரும். பழைய ரேங்க்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. ரேங்க்.ஏவிஜி சராசரி வகை. மற்ற இரண்டுக்கும் தனி ஃபங்ஷன் கிடையாது, நாம்தான் கட்ட வேண்டும்.

எண் விடுபடாத வரிசைக்கு மைக்ரோசாஃப்ட் 365-இல் சுலப வழி (மதிப்பெண்கள் பி2 முதல் பி11 வரை; இங்குள்ள ஃபங்ஷன் பெயர்களையும் நெடுவரிசை எழுத்துகளையும் எக்செல்லில் ஆங்கிலத்தில் அடியுங்கள்):

=எக்ஸ்மேட்ச்(பி2,சார்ட்(யுனிக்($பி$2:$பி$11),1,-1))

பழைய பதிப்புகளில் சம்ப்ராடக்ட்டையும் கவுன்ட்இஃப்பையும் சேர்த்து எழுதுவார்கள். அதில் பட்டியலுக்குள் ஒரு செல் காலியாக இருந்தால் போதும், பூஜ்யத்தால் வகுத்த பிழை எல்லா செல்களிலும் வந்து நிற்கும்.

அதிகம் பேர் சறுக்குவது நான்காவது வகையில். இணையத்தில் கிடைக்கும் வழக்கமான ஃபார்முலா இது:

=ரேங்க்.ஈக்யூ(பி2,$பி$2:$பி$11)+கவுன்ட்இஃப்($பி$2:பி2,பி2)-1

கவுன்ட்இஃப்புக்குள் முதல் பி2-வுக்கு மட்டும் டாலர் குறி (அது செல்லை நகராமல் பூட்டும்), இரண்டாவதற்குக் கூடாது. அப்போதுதான் கீழே இழுக்க இழுக்க வரம்பு நீண்டு, அதே மதிப்பெண் இதுவரை எத்தனை முறை வந்தது என்று எண்ணும். முழு வரம்பையும் பூட்டிவிட்டால் 88 எடுத்த இருவருக்கும் 3 வரும்; சமநிலை பிரியவே பிரியாது.

டாலர் குறியைச் சரியாகப் போட்டாலும் ஒரு நெருடல் உண்டு. இந்த ஃபார்முலா பட்டியலில் யார் மேலே இருக்கிறாரோ அவருக்கு முன்னிடம் தருகிறது. பெயரை அகர வரிசைப்படி அடுக்கினால் ஒருவர் இரண்டாமிடம், பதிவு எண்படி அடுக்கினால் இன்னொருவர். உள் கணக்குக்கு இது பரவாயில்லை, பரிசு அறிவிக்க உதவாது. அங்கே இரண்டாவது அளவுகோல் வேண்டும். சி நெடுவரிசையில் இன்னொரு தேர்வின் மதிப்பெண் இருப்பதாக வைத்துக்கொண்டால்:

=கவுன்ட்இஃப்($பி$2:$பி$11,">"&பி2)+கவுன்ட்இஃப்ஸ்($பி$2:$பி$11,பி2,$சி$2:$சி$11,">"&சி2)+1

இதற்குப் பதிலாக சி-யை 100-ஆல் வகுத்து பி-யோடு கூட்டுவது ஒரு குறுக்குவழி. சி-யில் 100 வந்த அன்று அது முழுதாக 1 மதிப்பெண்ணாகச் சேர்ந்துவிடும். 87-உம் 100-உம் எடுத்தவர், 88-உம் 0-உம் எடுத்தவரோடு சமமாகிவிடுவார். தவிர்ப்பதே நல்லது.

முதல் மூன்று பெயர்களைத் தனியே எடுக்கும்போது லார்ஜ் (இத்தனையாவது பெரிய மதிப்பெண்), மேட்ச் (அது இருக்கும் இடம்), இன்டெக்ஸ் (அந்த இடத்துப் பெயர்) மூன்றையும் கோப்பது வழக்கம். மேட்ச் எப்போதும் முதலில் கண்ட செல்லையே காட்டும். அதனால் இரண்டாமிடத்திலும் மூன்றாமிடத்திலும் ஒரே பெயர் வந்து, 88 எடுத்த இன்னொருவர் பட்டியலிலிருந்தே காணாமல் போவார். பிழைச் செய்தி எதுவும் வராததால் இது கண்ணில் படாமலே அச்சுக்குப் போய்விடும். பிரித்த தரவரிசையைத் துணை நெடுவரிசையில் வைத்து, மதிப்பெண்ணுக்குப் பதில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

சமம் போலத் தெரிந்தும் சமமில்லாத எண்கள் இன்னொரு வகை. 84.6-ஐயும் 85.4-ஐயும் தசமம் காட்டாமல் வடிவமைத்தால் இரண்டும் 85 என்றே தெரியும், ரேங்க் மட்டும் வேறாக வரும். கணக்குப் போட்டுக் கிடைத்த சராசரிகளில் கடைசித் தசமங்கள் நுணுக்கமாக விலகி இதே குழப்பத்தைத் தரலாம். எத்தனை தசமம் கணக்கில் வரும் என்று முடிவு செய்து, ரவுண்ட் போட்ட நெடுவரிசைக்கு ரேங்க் போட வேண்டும். இதற்கு நேரெதிர், உரையாகப் பதிவான எண்: வரம்பில் இருந்தாலும் ரேங்க் அதை எண்ணாது, அதைவிடக் குறைவாக எடுத்த அனைவரும் ஓரிடம் மேலே ஏறிவிடுவார்கள்.

ஓட்ட நேரம் போலக் குறைவானது சிறந்தது என்றால் ரேங்க் ஃபார்முலாவில் மூன்றாவது மதிப்பாக 1 கொடுக்க மறக்காதீர்கள். இரண்டு தரவரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கும் ஸ்பியர்மேன் ஒட்டுறவுக்கு ரேங்க்.ஏவிஜி மட்டுமே சரி. அதன் மேல் ஒட்டுறவைக் கணக்கிடும் கோரெல் போடுங்கள். வித்தியாசங்களின் வர்க்கத்தை வைத்துப் போடும் சுருக்கச் சூத்திரம் சமநிலை இருந்தால் துல்லியமாக இராது.

சராசரி வகையிலும் பிரித்த வகையிலும் ஒரு விரைவுச் சோதனை உண்டு. தரவரிசைகளைக் கூட்டினால், ஆட்களின் எண்ணிக்கையை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்த விடை வர வேண்டும். நான்கு பேருக்கு 10, பத்துப் பேருக்கு 55. வரவில்லையென்றால் காலி செல்லையும் உரை எண்ணையும் முதலில் தேடுங்கள்.