பழைய டர்போ காடி மிஸ் அடிக்குதா? பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்ன இதப் பாருங்க

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் பழைய டர்போ காடி (கார்) வச்சிருக்குற பையன்க ரெண்டு கூட்டம். ஒரு கூட்டம் புரோட்டான் வீரா, சத்ரியாவுல ஜிஎஸ்ஆர் ஹாஃப்கட் (ஜப்பான்லேந்து பாதியா வெட்டி வர்ற பழைய மிட்சுபிஷி டர்போ காடி, இஞ்சினோட) எறக்கி ஓட்டுறவங்க, இன்னொன்னு ப்ரெவே, எக்சோரா டர்போவ செகண்ட் ஹேண்ட்ல எடுத்தவங்க. ரெண்டு கூட்டமும் ஒரே வேலையத்தான் செய்யும், காடி மிஸ் அடிச்சா, அதாவது ஏதாவது ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம இஞ்சின் குலுங்குனா, நேரா ஈப்போ போயி நாலு பிளக், நாலு காயில் (பிளக்குக்கு வோல்டேஜ் ஏத்திக் குடுக்குறது), யாரோ சொன்னாங்கன்னு ஒரு பெட்ரோல் பம்பு, எல்லாத்தையும் வாங்கி மாட்டிட்டு அடுத்த வாரமும் அதே குலுக்கல்ல வந்து நிப்பாங்க. பார்ட்ஸ் கடைக்கு போறதுக்கு முன்ன ஒரே கேள்விக்கு பதில் வேணும்: எப்ப மிஸ் அடிக்குது?

காலைல ஸ்டார்ட் பண்ணுன ஒடனே கொஞ்ச நேரம் மட்டும் குலுங்கி அப்புறம் சரியாவுதா? ஐடல்ல, ஆக்சிலரேட்டர மிதிக்காம நிக்கும்போது மட்டுமா? நாலாவது கியர்ல மிதிச்சு பூஸ்ட் (டர்போ அழுத்தித் தள்ளுற காத்து) ஏறும்போதா? கால எடுக்கும்போதா? சூடானப்புறம் தானா? ஒவ்வொன்னுக்கும் காரணம் வேற வேற. ரெண்டு நாள் ஓட்டிப் பாத்து ஃபோன்ல எழுதி வச்சுக்குங்க, ஃபோர்மன்கிட்ட (மெக்கானிக்) போனாலும் "அண்ணே மிஸ் அடிக்குதுண்ணே"ன்னு மொட்டையா சொல்றத விட இது அவருக்கும் ஒதவும், உங்க காசுக்கும் ஒதவும்.

ஒரு எச்சரிக்கை மொதல்லயே சொல்லிடறேன். செக் இஞ்சின் லைட் சும்மா எரிஞ்சா வீட்டுக்கு ஓட்டிட்டு வரலாம். அது மின்னி மின்னி அடிச்சா கால எடுத்துடுங்க, எரியாத பெட்ரோல் எக்சாஸ்ட்டுக்குள்ள போயி பொகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்டர்ல எரியுது, அது உருகி அடைச்சிக்கிட்டா டர்போ மூச்சு விட எடமில்லாம தவிக்கும், பில்லும் வேற லெவலுக்கு போயிடும்.

ஓபிடி சாக்கெட் (இஞ்சின் கம்ப்யூட்டர் பதிஞ்ச கோட படிக்குற எடம்) இருக்குற காடின்னா ஆன்லைன்ல விக்குற சின்ன புளூடூத் ஸ்கேனரே போதும். பி0300ங்குற கோட் வந்தா பல சிலிண்டர் மாத்தி மாத்தி மிஸ் ஆவுது, பி0301லேந்து பி0304 வரைக்கும் வந்தா கடைசி நம்பர் தான் சிலிண்டர் நம்பர். கோட மட்டும் பாத்துட்டு அழிச்சிடாதீங்க, ஃப்ரீஸ் ஃப்ரேம்னு ஒன்னு இருக்கும், மிஸ் ஆன நேரத்துல ஆர்பிஎம் எவ்வளவு, லோடு எவ்வளவு, தண்ணி சூடு எவ்வளவுன்னு அதுல பதிஞ்சிருக்கும். நான் மேல கேட்ட கேள்விக்கு பாதி பதில் அங்கயே கெடக்கு, ஆனா யாரும் தொறந்து பாக்குறதில்ல.

ஹாஃப்கட் காடியில அந்த வசதி இருக்காது. இஞ்சின ஐடல்ல விட்டு இன்ஜெக்டர் கனெக்டர ஒன்னொன்னா கழட்டி மாட்டுங்க. கழட்டுனதும் இஞ்சின் இன்னும் மோசமா குலுங்குனா அந்த சிலிண்டர் நல்லாதான் வேலை செஞ்சிருக்கு, கழட்டியும் ஒன்னுமே மாறலன்னா அதான் செத்த சிலிண்டர். பிளக் வயர புடுங்கிப் பாக்குற பழைய பழக்கம் வேணாம், கையில ஷாக் வாங்குவீங்க, எரியாத பெட்ரோலும் கீழ போவும்.

சிலிண்டர் எதுன்னு தெரிஞ்சாச்சா, இப்ப எடம் மாத்தி பாக்கணும், இதுக்கு ஒரு காசு செலவில்ல. மூணாவதுல மிஸ்னா அந்த காயில ஒன்னாவதுக்கு மாத்துங்க, கோட அழிச்சிட்டு ஓட்டுங்க. மிஸ் ஒன்னாவதுக்கு போச்சுன்னா காயில்தான். மூணுலயே நின்னா அடுத்து பிளக், அதுக்கப்புறம் இன்ஜெக்டர். ஒரு நேரத்துல ஒன்னு மட்டும் மாத்துங்க. சில பழைய இஞ்சின்ல ஒரே காயில் ரெண்டு சிலிண்டருக்கு பொறி குடுக்கும், ஒன்னும் நாலும் ஒரு ஜோடி, ரெண்டும் மூணும் ஒரு ஜோடி, அந்த மாதிரி ஜோடியா செத்தா காயில் மேல சந்தேகப்படுங்க.

இப்ப டர்போக்காரங்க எல்லாரும் மாட்டிக்கிற எடம். ஐடல்ல சூப்பர், டவுனுக்குள்ள சூப்பர், மெனோரா டனல் ஏத்தத்துல நாலாவது கியர்ல 2500 ஆர்பிஎம்லேந்து மிதிச்சா மட்டும் டட் டட் டட்னு வெட்டுது. இது பெரும்பாலும் பொறி பத்தாத கேஸ். பூஸ்ட் ஏறும்போது சிலிண்டருக்குள்ள காத்து நெருக்கமா இருக்கும், அதுக்கு நடுவுல பொறி தாண்டுறதுக்கு வோல்டேஜ் ஜாஸ்தி வேணும், காயில் கெழடாயிருந்தாலோ பிளக் கேப் அகலமா இருந்தாலோ பொறி தாண்டாம அணைஞ்சிடும். பூஸ்ட் ஏத்தாத இஞ்சினுக்கு 1.0, 1.1 மில்லிமீட்டர் கேப் சாதாரணம், டர்போவுக்கு 0.7 பக்கம் வச்சா நல்லா நிக்கும், உங்க இஞ்சினுக்கு மேனுவல்ல வேற நம்பர் இருந்தா அதையே வைங்க. பிளக் தேஞ்சு தேஞ்சு கேப் தானா அகலமாவும்கிறதால ஃபீலர் கேஜ் வச்சு அளந்து பாருங்க, பெட்டியில போட்டிருக்குறத நம்பாதீங்க. இரிடியம் பிளக்கா இருந்தா நடு ஊசிய நெம்பக் கூடாது, ஒடஞ்சிடும், மேல வளைஞ்சிருக்குற பட்டைய மட்டும் மெதுவா வளைக்கணும். சூட்டு நம்பரும் பாக்கணும், என்ஜிகேல நம்பர் பெருசானா பிளக் குளிர்ச்சி, 6ஐ விட 7 குளிர்ச்சி. பூஸ்ட் ஏத்தாம ஊருக்குள்ள சந்தைக்கும் வீட்டுக்கும் ஓட்டுற காடிக்கு ரேஸ்காரன் போடுற 8 எதுக்கு? கரி புடிச்சு அதுவே மிஸ் அடிக்கும்.

பிளக் கழட்டும்போது குழிக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க. ஆயில் தேங்கி நின்னா ராக்கர் கவர் கேஸ்கெட்டும் பிளக் குழி சீலும் போயிருக்கு, அந்த ஆயில் காயில் ரப்பர ஊற வச்சு நாசமாக்கும். பிளக்கோட வெள்ளை பீங்கான்ல மேலேந்து கீழ பென்சில்ல கிறுக்குன மாதிரி மெல்லிசா ஒரு கறுப்பு கோடு தெரியுதா? பொறி உள்ள தாண்டாம வெளிப்பக்கமாவே ஓடி இஞ்சின் பாடிக்கு போயிருக்கு. அந்த பிளக்க தொடச்சு போட்டு பிரயோஜனம் இல்ல, அதே எடத்துல ரப்பர் உள்பக்கமும் கோடு இருக்கும், ரெண்டையும் சேத்து மாத்துங்க. பிளக் வயர் இருக்குற காடியா இருந்தா ராத்திரி லைட்ட அணைச்சிட்டு, இஞ்சின ஓடவிட்டு, பானெட் தொறந்து வயர் மேல லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க, எங்கயாச்சும் லீக் இருந்தா நீலமா பொறி ஓடுறது கண்ணுக்கே தெரியும், கைய மட்டும் தூரமா வச்சுக்குங்க.

செம்பனை தோட்டத்த ஒட்டி வீடு இருக்குறவங்க வயரிங்க ஒரு தடவ தடவிப் பாத்துடுங்க. எலி. தோட்டத்துல எலியத் தின்ன ஆந்தைக்கு கூடு வச்சும் மிச்ச எலியெல்லாம் நம்ம பானெட்டுக்குள்ளதான் படுக்குது, இன்ஜெக்டர் வயரு, ஓ2 சென்சார் வயரு எதையும் விடாது.

அடுத்து காத்து. மேனிஃபோல்ட் (சிலிண்டருக்கு காத்து பிரிஞ்சு போற குழாய்) பக்கம் சின்ன வேக்கம் ஹோஸ் கிழிஞ்சிருந்தா ஐடல்ல குலுங்கும், மிதிச்சா சரியாயிடும். டர்போவுக்கும் த்ரோட்டிலுக்கும் நடுவுல கிழிஞ்சிருந்தா தலைகீழ், ஐடல் நல்லாருக்கும், மிதிச்சா கறும்பொகை விட்டு தடுமாறும், ஏன்னா ஏர்ஃப்ளோ சென்சார் எண்ணுன காத்து வழியில ஓடிப்போச்சு, ஈசியு (இஞ்சின் கம்ப்யூட்டர்) பழைய கணக்குக்கே பெட்ரோல் ஊத்துது. கால எடுக்கும்போது மிஞ்சுன பூஸ்ட வெளியேத்துற ப்ளோ ஆஃப் வால்வ "ப்ஸ்ஸ்ஸ்"னு வெளிய விடுறதுக்காக மாத்துன தம்பிங்க இத ரெண்டு தடவ படிக்கணும். கியர் மாத்தும்போது மட்டும் தடுமாறி பின்னாடி பட்டுனு வெடிக்குதா, அந்த சத்தத்துக்கு நீங்க குடுக்குற வெலை அது. ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காடியில அந்த காத்து திரும்ப டர்போ வாய்க்கே போகணும்.

லீக் கண்டுபுடிக்க ஹார்ட்வேர் கடையில டர்போ வாய் அளவுக்கு பிவிசி மூடி ஒன்னு வாங்கி, நடுவுல ஓட்டை போட்டு டயர் வால்வ மாட்டுங்க. டர்போவுக்கு முன்னாடி குழாய கழட்டிட்டு இத வச்சு கிளிப்ப முறுக்கி, பம்புல 10 பிஎஸ்ஐ வரைக்கும் ஏத்திட்டு இன்டர்கூலர் (டர்போ காத்த குளிர வைக்குறது) ஜாயின்ட் எல்லாத்துலயும் சோப்பு தண்ணி அடிச்சா நொரை கெளம்புற எடம் காட்டிக் குடுத்துடும். மூடிக்கு நேரா மூஞ்சிய வைக்காதீங்க, கழண்டு பறந்தா மூக்கு போயிடும். ஆயில் மூடிப் பக்கம் கொஞ்சம் ஸ்ஸ்னு கேட்டா பயப்பட வேணாம், வால்வு தொறந்திருக்குற சிலிண்டர் வழியா போற காத்து அது.

பெட்ரோல் பக்கம் ரிட்டர்ன் லைன் (மிஞ்சுன பெட்ரோல் டேங்குக்கு திரும்புற குழாய்) உள்ள பழைய காடின்னா, பெட்ரோல் ப்ரெஷர கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் மேல இருக்குற சின்ன வேக்கம் ஹோஸ கழட்டி மோந்து பாருங்க, உள்ள பெட்ரோல் ஈரமா இருந்தா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு, இஞ்சின் அதையும் சேத்து குடிக்குது. அந்த ஹோஸ கழட்டி வச்சா ப்ரெஷர் பொதுவா 43 பிஎஸ்ஐ பக்கம் நிக்கணும், திரும்ப மாட்டுனப்புறம் பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐ ஏறுனா ப்ரெஷரும் ஒரு பிஎஸ்ஐ ஏறணும். ஏறாம எறங்குதுன்னா ஃபில்டரோ பம்போ. இந்த நெலமையில பெட்ரோல் பத்தாம பிஸ்டன் உருகிடும், அதனால கேஜ் மாட்டாம மிதிச்சு மிதிச்சு டெஸ்ட் பண்ணாதீங்க. ஜப்பான் ஜிஎஸ்ஆர் இஞ்சின் அங்க உள்ள நல்ல பெட்ரோலுக்கு செஞ்சது, ரோன் (ஆக்டேன் நம்பர்) 97 ஊத்துங்க, ஆனா 97 ஊத்துனா மிஸ்ஃபயர் போயிடும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, நாக்கிங் (பெட்ரோல் தானா வெடிச்சு இஞ்சின் தட்டுறது) வேற, மிஸ் வேற.

சூடானா மட்டும் சாவுதுன்னா பெரும்பாலும் இஞ்சின் சுத்துறத ஈசியுவுக்கு சொல்ற கிராங்க் சென்சாரோ கேம் சென்சாரோதான். ஹாஃப்கட் எறக்குன காடியில இஞ்சின் எர்த் வயர் துருப்புடிச்சோ இல்லாமலேயோ இருக்கும், முதல்ல அத பாருங்க. 90கள்ல வந்த மிட்சுபிஷி ஈசியுவுல கெப்பாசிட்டர் ஒழுகுறது தெரிஞ்ச வியாதி, மூடிய தொறந்தா மீன் நாத்தம் மாதிரி வந்தா அதான்.

இதெல்லாம் சரியா இருந்தும் ஒரே சிலிண்டர் அடம் புடிச்சா கம்ப்ரெஷன் கேஜ் எடுங்க. இஞ்சின் சூடா இருக்கணும், நாலு பிளக்கையும் கழட்டி, காயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் கரண்ட்ட கட் பண்ணி, ஆக்சிலரேட்டர முழுசா மிதிச்சிட்டு ஒவ்வொன்னுக்கும் கேஜ் மாட்டி ஸ்டார்ட்டர்ல அஞ்சாறு சுத்து சுத்துங்க. டர்போவுக்கு கம்ப்ரெஷன் ரேஷியோவே 8.5, 9 பக்கம்தான், அதனால நம்பர் கம்மியா இருக்கேன்னு பதறாதீங்க, நாலுக்கும் நடுவுல வித்தியாசம் 10, 15 பர்சன்ட்டுக்குள்ள இருக்கான்னு பாருங்க. நாலும் ஒரே மாதிரி கம்மியா இருந்து சமீபத்துல டைமிங் பெல்ட்டும் மாத்திருந்தா பல்லு தாண்டியிருக்கலாம். ஒன்னு மட்டும் கம்மின்னா ஒரு டீஸ்பூன் இஞ்சின் ஆயில் ஊத்தி திரும்ப சுத்துங்க, ஏறுனா பிஸ்டன் ரிங்கு, ஏறலன்னா வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ. பக்கத்து பக்கத்துல ரெண்டு சிலிண்டர் சேந்து விழுந்தா கேஸ்கெட்தான், காலைல வெள்ளப் பொகை வரும், ரேடியேட்டர் தண்ணி கொறையும், அந்த பிளக் மட்டும் கழுவி வச்ச மாதிரி பளிச்சுனு இருக்கும். கேஸ்கெட்டோ வால்வோன்னா ஹெட்ட கழட்டி மெஷின் ஷாப்புக்கு குடுத்து வாங்கலாம். ரிங்கு போயிருந்தா மட்டும் ஓவர்ஹால் வெலையையும் இன்னொரு ஹாஃப்கட் வெலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கேட்டுட்டு அப்புறம் ஸ்பேனர தொடுங்க.