காருக்கு அடியில் தகரச் சத்தம்: ஹீட் ஷீல்டைக் கழற்றாமல் சரிசெய்வது எப்படி?

ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) காருக்கு அடியில் தகரம் கடகடவென்று அதிர்கிறது, வேகம் கூட்டினால் அடங்குகிறது என்றால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட்டின் (புகைக்குழாயின்) ஹீட் ஷீல்டு, அதாவது சூட்டைத் தடுக்கும் தகடு, தளர்ந்திருக்கும். “கழற்றிப் போட்டுவிடலாம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எக்ஸாஸ்ட்டில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் மேற்பரப்பு 400 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். அந்தச் சூடு காரின் தரை, பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், வயர்களுக்குப் போகாமல் தடுப்பது இந்த மெல்லிய தகடும், அதற்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் நடுவே உள்ள காற்று இடைவெளியும்தான். காய்ந்த புல்மேல் நிறுத்தும்போது தீப்பிடிக்காமல் காப்பது கீழ்ப்பக்கத் தகடு.

எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் ஆறவிடுங்கள். சமதளத்தில் காரைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டுகளில் (காரைத் தாங்கும் கால்களில்) நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. ரப்பர் சுத்தியலால் தகடுகளை மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். தளர்ந்தது கலகலக்கும்.

தகடு நன்றாக இருக்கும், போல்ட் துளையைச் சுற்றி மட்டும் துரு அரித்திருக்கும். போல்ட் தலை துளை வழியே அப்படியே நழுவும். அகலமான ஸ்டீல் வாஷர் ஒன்றை வைத்து இறுக்கினால் போதும். துருவேறிய போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் முறியும். முதலில் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிடுங்கள்.

எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிய தகடு என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் (திருகி இறுக்கும் வளையப் பட்டை) போடலாம். அளவோடு இறுக்குங்கள். தகடு நசுங்கிக் குழாயோடு ஒட்டினால் இடைவெளி போய், தகடே கொதிக்கும். பிளாஸ்டிக் டை வேண்டாம், உருகிவிடும். பல இடங்களில் ஓட்டை விழுந்திருந்தால் புதுத் தகடுதான்.